கொழுப்புக் கல்லீரலில் புற்றுநோயைத் தேடும் ரத்தப் பரிசோதனைகள்: எண் ஒன்றுதான், அர்த்தம் ஆளுக்கு ஆள் வேறு

ஃபேட்டி லிவர் உள்ள ஒருவரின் ரத்த அறிக்கையில் ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுநோயைத் தேட அளக்கும் ஒரு புரதம்) 6 என்று வந்திருக்கிறது. பக்கத்திலேயே ‘இயல்பு: 10-க்குக் கீழ்’ என்று அச்சாகியிருக்கிறது. கல்லீரலில் புற்றுநோய் இல்லை என்று நிம்மதி அடையலாமா? முடியாது. இன்னொருவருக்கு 24 வந்திருக்கிறது. புற்றுநோய்தான் என்று நடுங்க வேண்டுமா? அதற்கும் அவசியமில்லை. அந்த எண் எப்படிப்பட்ட கல்லீரலிலிருந்து வந்தது என்று தெரியாதவரை அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மற்ற கல்லீரல் நோய்களுக்கும் இது பொருந்தும் என்றாலும், கொழுப்புக் கல்லீரலில்தான் இதை மறந்துவிட்டு எண்ணைப் படிக்கும் தவறு அதிகம் நடக்கிறது.

உலகில் வயது வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு உடல்பருமன், நீரிழிவு, ரத்தக் கொழுப்பு போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறுகளை ஒட்டிவரும் கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது. மறுபக்கம், 2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்குப்படி கல்லீரல் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 8.66 லட்சம் பேர். அதே ஆண்டில் அதனால் இறந்தவர்கள் சுமார் 7.58 லட்சம் பேர். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், பெரும்பாலானவர்களுக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருவதுதான். கட்டி 2 செ.மீ.க்குள் இருக்கும்போது கண்டுபிடித்தால் வெட்டி எடுக்கலாம், ஊசி செலுத்திச் சுட்டுப் பொசுக்கலாம், தேவைப்பட்டால் மாற்றுக் கல்லீரல் பொருத்தலாம். அந்தக் கட்டத்தில் கட்டிக்கு வலி கிடையாது, மஞ்சள் காமாலை கிடையாது, எந்த அறிகுறியும் கிடையாது. அதனால்தான் ரத்தத்தில் ஏதாவது தடயம் கிடைக்காதா என்று அறுபது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே பேசுவது கல்லீரல் செல்லிலேயே உருவாகும் ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா பற்றி. கல்லீரலில் தொடங்கும் புற்றுநோய்களில் முக்கால் பங்குக்கு மேல் இதுதான். வேறு உறுப்பிலிருந்து கல்லீரலுக்குப் பரவிவரும் புற்றுநோய்க்கு இந்தப் பரிசோதனைகள் பயன்படாது.

யாருடைய ரத்தம்?

கொழுப்பு மட்டும் படிந்த கல்லீரல் ஒன்று. கொழுப்போடு அழற்சியும் சேர்ந்து, அது ஆண்டுக்கணக்கில் நீடித்துத் தழும்பேறிய கல்லீரல் வேறொன்று. தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை தரம் பிரிக்கிறார்கள். எஃப்4 என்பதுதான் சிரோசிஸ். புற்றுநோய் அபாயம் இந்தப் படிகளில் சீராக ஏறுவதில்லை, கடைசிப் படிகளில் எகிறுகிறது.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கொழுப்புக் கல்லீரலோடு சிரோசிஸும் இருந்தவர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 10.6 பேர் என்ற வீதத்தில் கல்லீரல் புற்றுநோய் வந்தது. சிரோசிஸ் இல்லாதவர்களில் அந்த வீதம் 1,000 பேருக்கு 0.08. நூறு மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம்.

இந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புற்றுநோய் உள்ள 100 பேரில் 70 பேரைப் பிடிக்கும், புற்றுநோய் இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு ரத்தப் பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோசமான பரிசோதனை அல்ல. இன்று கையில் இருப்பவற்றின் தரம் ஏறக்குறைய இதுதான். சிரோசிஸ் உள்ள 1,000 பேருக்கு இதைச் செய்தால், புற்றுநோய் உள்ள 10 பேரில் 7 பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் 99 பேருக்குப் பொய் எச்சரிக்கை வரும். ஆக, எச்சரிக்கை வந்த 106 பேரில் 7 பேருக்கு உண்மையான நோய். சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க இந்த விகிதம் தாங்கும். இப்போது அதே பரிசோதனையைச் சிரோசிஸ் இல்லாத 1,00,000 பேருக்குச் செய்வோம். புற்றுநோய் உள்ளவர்கள் 8 பேர்; பிடிபடுபவர்கள் 5 அல்லது 6 பேர். பொய் எச்சரிக்கை வருபவர்கள் சுமார் 10,000 பேர். பரிசோதனையில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் முதல் கூட்டத்தில் பயன்பட்டது, இரண்டாவது கூட்டத்தில் பத்தாயிரம் பேரைத் தேவையில்லாமல் ஸ்கேன் அறைக்கு அனுப்பிவிட்டது.

எனவே ‘ஃபேட்டி லிவர் இருக்கிறது, எதற்கும் ஒரு டியூமர் மார்க்கர் பார்த்துவிடலாம்’ என்பது கேட்க அக்கறையாக இருந்தாலும் தவறான தொடக்கம். முதலில் பார்க்க வேண்டியது தழும்பு. அதற்கும் ரத்தமே போதும். ஃபிப்-4 என்ற கணக்குக்கு நான்கு எண்கள் வேண்டும்: வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி (இரண்டும் கல்லீரல் நொதிகள்), பிளேட்லெட். வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரங்களில்) ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 60 வயது, ஏஎஸ்டி 60, ஏஎல்டி 49, பிளேட்லெட் 1,50,000 என்றால்: மேலே 3,600; கீழே 150 × 7 = 1,050; விடை 3.4. விடை 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேலே இருந்தால் வாய்ப்பு அதிகம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2.0 ஆக உயர்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வயது ஒன்றே பாதிப் பேரை அபாயப் பட்டியலில் தள்ளிவிடும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. நடுவில் விழுகிறவர்களுக்கும் மேலே போகிறவர்களுக்கும் அடுத்த படி, கல்லீரல் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராஃபி.

அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020-இல் தந்த வழிகாட்டல், சிரோசிஸ் உள்ளவர்களோடு, ஊடுருவாப் பரிசோதனைகளில் முற்றிய தழும்பு தெரிபவர்களையும் கண்காணிப்பில் சேர்க்கச் சொல்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்க வேண்டாம் என்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைப்பதற்கில்லை. கொழுப்புக் கல்லீரலில் வரும் புற்றுநோய்களில் சிரோசிஸ் இல்லாமலேயே வருபவை கணிசம். 2022-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் இது 38.5 சதவீதம், மற்ற காரணங்களால் வந்த கல்லீரல் புற்றுநோய்களில் 14.6 சதவீதம்தான். ஒவ்வொருவருக்கும் அபாயம் மிகக் குறைவு. ஆனால் அப்படிப்பட்டவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் மொத்தம் பெரிதாகிவிடுகிறது. சிரோசிஸ் உள்ளவர்களை மட்டும் கண்காணித்தால் இவர்கள் கண்ணில் படாமல் விடுபட்டுப்போவார்கள். எல்லோரையும் கண்காணித்தால் மேலே பார்த்த பத்தாயிரம் பொய் எச்சரிக்கைகள். இந்த முரண்பாட்டை உடைக்கக்கூடிய ரத்தக் குறியீடு இன்னும் வரவில்லை. வர வேண்டுமென்றால் அதன் விலக்கும் திறன் (புற்றுநோய் இல்லாத 100 பேரில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது) 90 அல்ல, 99-ஐத் தாண்டியாக வேண்டும்.

ஸ்கேன் இருக்கும்போது ரத்தம் எதற்கு?

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், அதோடு ஏஎஃப்பி. இதுதான் இன்றைய வழக்கம். ஆறு மாதம் என்ற இடைவெளி கட்டி இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளும் காலத்தை ஒட்டி வந்தது. 2018-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, ஆரம்பக் கட்டப் புற்றுநோயை அல்ட்ராசவுண்ட் மட்டும் 45 சதவீதம் பிடிக்கிறது. ஏஎஃப்பியைச் சேர்த்தால் 63 சதவீதம். தனியாகப் பார்த்தால் சுமாரான ஒரு மார்க்கர், ஸ்கேனோடு கூட்டுச் சேரும்போது இவ்வளவு தூக்கிக் கொடுக்கிறது.

கொழுப்புக் கல்லீரலில் அல்ட்ராசவுண்டின் நிலைமை இன்னும் மோசம். தோலுக்குக் கீழே தடித்த கொழுப்பு அடுக்கு ஒலி அலையை வலுவிழக்கச் செய்கிறது. கல்லீரலுக்குள் இருக்கும் கொழுப்பும் அலையைச் சிதறடிக்கிறது. மேல்பகுதி பளீரென்று வெளுத்துத் தெரிய, ஆழத்தில் உள்ள பகுதி இருண்டுபோகிறது. வலப்புறம் உதரவிதானத்தை ஒட்டிய ஆழமான பகுதியில் 1.5 செ.மீ. கட்டி இருந்தால் அது தெரியாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. ‘கட்டி எதுவும் காணப்படவில்லை’ என்று அறிக்கை எழுதும்போது, கல்லீரல் எவ்வளவு தெரிந்தது என்பதையும் ஏ, பி, சி என்று தரமிட்டு எழுத வேண்டும் என்ற முறை இப்போது இருக்கிறது. சி என்றால் பார்வை மிகவும் மட்டு. அந்த ஸ்கேனை நம்பி ஆறு மாதம் காத்திருப்பதில் பொருளில்லை, சிடி அல்லது எம்ஆர்ஐக்கு மாற வேண்டும். அறிக்கை வாங்கியதும் முதலில் தேட வேண்டியது இந்த எழுத்தைத்தான். அது இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம்.

ஏஎஃப்பி: வயதான, ஆனால் விலக முடியாத மார்க்கர்

ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்பது கருவில் வளரும் குழந்தையின் கல்லீரலும் மஞ்சள்கருப் பையும் சுரக்கும் புரதம். பிறந்த பிறகு அந்த மரபணு அடங்கிவிடுகிறது. 1963-இல் சோவியத் விஞ்ஞானி அபெலெவ், கல்லீரல் கட்டி உள்ள எலிகளின் ரத்தத்தில் இது மறுபடி தலைகாட்டுவதைக் கண்டார். அடுத்த ஆண்டே தத்தாரினோவ் மனிதரில் அதைக் கண்டார். முதிர்ந்த செல் புற்றுநோயாக மாறும்போது கருக்கால மரபணுக்கள் சில மறுபடி விழித்துக்கொள்கின்றன; அதன் விளைவு இது.

எல்லாக் கட்டிகளிலும் அந்த மரபணு விழிப்பதில்லை என்பதுதான் தொல்லை. 20 நானோகிராம்/மி.லி. என்ற எல்லையை வைத்தால் சுமார் 60 சதவீதப் புற்றுநோய்கள் மாட்டும். ஆரம்பக் கட்டத்தில் அதைவிடக் குறைவு. எல்லையை 400-க்கு ஏற்றினால் பொய் எச்சரிக்கை ஏறக்குறைய மறைந்துவிடும், ஆனால் சிறிய கட்டிகளும் கூடவே மறைந்துவிடும்.

ஏஎஃப்பி ஏறுவதற்குப் புற்றுநோயைத் தவிரவும் காரணங்கள் உண்டு: கர்ப்பம், விதைப்பை அல்லது சூலகத்தில் வரும் சில கட்டிகள், கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்புவது. அழற்சியில் செத்த செல்களுக்கு ஈடாகப் புதிய செல்கள் பெருகும்போது ஏஎஃப்பி சற்று ஏறும். வைரஸ் கல்லீரல் அழற்சி உள்ளவர்களில் இந்தக் குழப்பம் அதிகம். கொழுப்புக் கல்லீரலில் அழற்சி பொதுவாக மெதுவானது. அதனால் அடிப்படை அளவு தாழ்ந்தே இருக்கும். இதில் ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. நட்டம்: கட்டி வந்த பிறகும் பலருக்கு 20-ஐத் தொடுவதே இல்லை. லாபம்: தரை சமமாக இருப்பதால் சிறிய ஏற்றமும் கண்ணில் படும். ஆறு மாத இடைவெளியில் 3, 6, 11 என்று போகும் ஒருவரின் மூன்று எண்களில் இரண்டு ‘இயல்பு’. மூன்றாவதும் எல்லையைச் சற்றே தாண்டியது. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரட்டிப்பு. 18, 17, 19 என்று ஐந்து ஆண்டாக அசையாமல் நிற்பவரைவிட இவருக்குத்தான் எம்ஆர்ஐ அவசரம். ஒற்றை எண்ணுக்கு எல்லைக்கோடு போடுவதைவிடப் போக்கைப் பார்ப்பது மேல் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நடைமுறையில் பழைய அறிக்கைகள் கையில் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

போக்கைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது அலகு. சில ஆய்வகங்கள் நானோகிராம்/மி.லி. என்றும், சில ஐயூ/மி.லி. என்றும் தருகின்றன. 1 ஐயூ சுமார் 1.2 நானோகிராம். அலகு மாறியதைக் கவனிக்காமல் 10-லிருந்து 12 ஆகிவிட்டது என்று பதறக்கூடாது. கருவி மாறினாலும் எண் நகரும். முடிந்தவரை ஒரே ஆய்வகம், ஒரே முறை.

இன்னும் இரண்டு பொறிகள். முடி, நகம் வளர என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பை வைத்து வேலை செய்யும் கருவிகளில், இரு எதிர்ப்பொருள்களுக்கு இடையே புரதத்தைப் பிடித்து அளக்கும் முறையில் அது எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்கள் கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் இடையில் குறைந்தது 8 மணி நேரம் விட வேண்டும். மிக அதிக அளவு எடுத்தால் இன்னும் நீளம். இரண்டாவது, பெரிய கட்டி இருந்து ஏஎஃப்பி லட்சக்கணக்கில் இருந்தால் எதிர்ப்பொருள்கள் திணறிப்போய், கருவி சாதாரண எண்ணைக் காட்டிவிடலாம். ஸ்கேனில் பெரிய கட்டி, ரத்தத்தில் ஏஎஃப்பி 15 என்று பொருந்தாமல் வந்தால் மாதிரியை நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும்.

எல்3-யும் பிவ்கா-2-வும்

ஏஎஃப்பி புரதத்தின் மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும். புற்றுநோய்ச் செல் அந்தச் சங்கிலியின் அடிப்பகுதியில் ஃபுக்கோஸ் என்ற கூடுதல் சர்க்கரையைச் சேர்த்துவிடுகிறது. மசூர் பருப்பிலிருந்து எடுக்கும் லெக்டின் என்ற புரதம் இந்த வகையை மட்டும் இறுகப் பற்றும்; அப்படிப் பிரித்தெடுப்பதே ஏஎஃப்பி-எல்3. மொத்த ஏஎஃப்பியில் எல்3 10 சதவீதத்தை எட்டினால் சந்தேகம். அழற்சியால் ஏறிய ஏஎஃப்பிக்கும் கட்டியால் ஏறிய ஏஎஃப்பிக்கும் வேறுபாடு காட்டுவதில் இது நல்ல துணை. ஆனால் மொத்த ஏஎஃப்பியே குறைவாக இருக்கும்போது அதில் ஒரு பங்கை அளப்பது கடினம். பழைய முறைகளில் ஏஎஃப்பி 10-க்குக் கீழே இருந்தால் எல்3-ஐ நம்பகமாக அளக்க இயலாது. கொழுப்புக் கல்லீரல்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். பின்னர் வந்த உணர்திறன் மிக்க முறை அந்தத் தடையை ஓரளவு நீக்கியது. அந்த வசதி எல்லா ஆய்வகத்திலும் இல்லை.

பிவ்கா-2-வின் கதை வேறு. இதையே டிசிபி என்றும் எழுதுவார்கள். ரத்தம் உறையத் தேவையான புரோத்ராம்பினைக் கல்லீரல்தான் செய்கிறது. செய்து முடித்த பிறகு வைட்டமின் கே-யின் உதவியோடு அதன் 10 இடங்களில் கார்பாக்சில் என்ற தொகுதியைச் சேர்த்தால்தான் அது வேலை செய்யும். புற்றுநோய்ச் செல் இந்தக் கடைசி வேலையை அரைகுறையாக விட்டுவிடுகிறது. அப்படி அரைகுறையாக ரத்தத்துக்கு வரும் புரோத்ராம்பின்தான் பிவ்கா-2. கல்லீரல் புற்றுநோயில் இது உயர்வதை 1984-இல் அறிவித்தார்கள்.

ஏஎஃப்பியும் இதுவும் ஒரே பாதையில் வருவதில்லை. ஒன்று தவறவிட்டதை மற்றொன்று பிடிக்கலாம். வைரஸ் இல்லாத கல்லீரல் புற்றுநோயில் ஏஎஃப்பி சாதாரணமாக இருந்து பிவ்கா-2 மட்டும் உயர்ந்திருப்பதை ஜப்பானிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கொழுப்புக் கல்லீரலுக்கு ஒரே ஒரு கூடுதல் மார்க்கர்தான் சேர்க்க முடியும் என்றால் எல்3-ஐ விட இதுவே முதல் தேர்வு.

அதே சமயம், பொய் எச்சரிக்கைக்கான காரணம் மார்க்கரின் பிறப்பிலேயே இருக்கிறது: வைட்டமின் கே குறைந்தாலே பிவ்கா-2 ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் அந்த மருந்தின் வேலையே இந்தக் கார்பாக்சில் சேர்க்கையைத் தடுப்பதுதான். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் பலருக்கு இதயப் பிரச்சினையும் சேர்ந்தே இருப்பதால் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஏபிக்சபான், ரிவராக்சபான் போன்ற புதிய மருந்துகள் வைட்டமின் கே வழியாக வேலை செய்வதில்லை. அவற்றால் இந்தத் தொல்லை வராது. பித்தக்குழாய் அடைப்பு, நீண்ட நாள் ஆன்டிபயாடிக், சரியாகச் சாப்பிடாமல் படுத்திருப்பது, கொழுப்பு உறிஞ்சப்படாத குடல் நோய் ஆகியவையும் ஏற்றிவிடும். சந்தேகம் இருந்தால் வைட்டமின் கே கொடுத்துச் சில நாள் கழித்து மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். குறைபாட்டால் வந்தது இறங்கும், கட்டியால் வந்தது பெரும்பாலும் இறங்காது.

எல்லை அளவு ஜப்பானில் 40 மில்லி ஏயூ/மி.லி.; அமெரிக்காவில் டிசிபி என்ற பெயரில் 7.5 நானோகிராம்/மி.லி. வேறு கருவிகளுக்கு வேறு எல்லைகள். ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எல்லையோடு ஒப்பிடக்கூடாது. அடுத்துவரும் கணக்குகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு இதுவே காரணம்.

கேலட் கணக்கு, உள்ளே திறந்து பார்த்தால்

பாலினம், வயது, எல்3, ஏஎஃப்பி, டிசிபி ஆகிய ஐந்தையும் ஒரே மதிப்பெண்ணாக்குவது கேலட். பிரிட்டனில் உருவாக்கி 2014-இல் வெளியிட்டார்கள். சூத்திரம் ரகசியமில்லை:

−10.08 + (0.09 × வயது) + (ஆண் என்றால் 1.67) + (2.34 × ஏஎஃப்பியின் மடக்கை) + (0.04 × எல்3 சதவீதம்) + (1.33 × டிசிபியின் மடக்கை).

மடக்கை பத்தடிமானம், ஏஎஃப்பி, டிசிபி இரண்டும் நானோகிராம்/மி.லி. அலகில், மூல ஆய்வில் பயன்படுத்திய முறையில் அளந்ததாக இருக்க வேண்டும். விடை −0.63-க்கு மேல் போனால் சந்தேகம்.

ஜெர்மனியில் நாஷ் எனப்படும் அழற்சிக் கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. புற்றுநோய் உள்ள 126 பேர், இல்லாத 231 பேர். ஆரம்பக் கட்டக் கட்டிகளைக் கேலட் 68 சதவீதம் பிடித்தது. இல்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டது. மூன்று மார்க்கர்களில் எதைத் தனியாக எடுத்தாலும் இதைவிடப் பின்தங்கியே இருந்தது. அதே ஆய்வின் ஜப்பானியப் பகுதியில், 389 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் 28 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அவர்களின் சராசரி மதிப்பெண் நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. கொழுப்புக் கல்லீரலைப் பொறுத்தவரை இவ்வளவு நம்பிக்கை தரும் முடிவு அதுவரை எந்த ரத்தப் பரிசோதனைக்கும் இருக்கவில்லை.

ஆனால் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். 80 வயது ஆண். ஏஎஃப்பி 5, எல்3 1 சதவீதம், டிசிபி 0.5. மூன்றும் முழுக்க இயல்பு. மதிப்பெண் சுமார் +0.07. எல்லையைத் தாண்டிவிட்டது! இப்போது 50 வயதுப் பெண். ஏஎஃப்பி 8, எல்3 12 சதவீதம், டிசிபி 5. எல்3 தெளிவாகவே எல்லைக்கு மேல். மதிப்பெண் சுமார் −2.06, எச்சரிக்கை இல்லை. வயதுக்கும் பாலினத்துக்கும் சூத்திரம் அவ்வளவு எடை கொடுக்கிறது. அபாயம் வயதான ஆண்களுக்கு அதிகம் என்பதால் இது நியாயமில்லாதது அல்ல. ஆனாலும் அந்தப் பெண்ணின் 12 சதவீதத்தை மதிப்பெண்ணைக் காட்டி ஒதுக்கிவிடுவது பிழை. மதிப்பெண்ணோடு மூன்று மூல எண்களையும் அறிக்கையில் தனித்தனியே பார்க்க வேண்டும். இன்னொரு விளைவும் உண்டு: ஆய்வில் புற்றுநோயாளிகள் வயதான ஆண்களாகவும், ஒப்பீட்டுக் குழு இளையவர்களாகவும் இருந்தால், மார்க்கர்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் மதிப்பெண் நன்றாகப் பிரித்துக் காட்டும். ஒரே வயதினரை ஒப்பிட்டார்களா என்று பார்க்காமல் கேலட் பற்றிய எந்த உயர்ந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

எல்3-ஐக் கழித்துவிட்டு மீதி நான்கை மட்டும் வைத்த கணக்குகளும் வந்திருக்கின்றன: காட், ஏசாப். எல்3 கூட்டித் தரும் பலன் சொற்பம் என்பதும், அதை அளக்கத் தனிக்கருவி வேண்டும் என்பதும் காரணங்கள். நடைமுறைக்கு இவையே பரவலாகும் என்று தோன்றுகிறது. ஏஎஃப்பியின் ஏறுமுக வேகத்தையே கணக்கில் சேர்க்கும் முறையும் அமெரிக்காவில் உருவாகியிருக்கிறது. போக்கு முக்கியம் என்று மேலே சொன்னதன் கணித வடிவம் அது.

டிஎன்ஏ துணுக்குகள்

சாகும் செல்கள் தங்கள் டிஎன்ஏவை ரத்தத்தில் உதிர்க்கின்றன. கட்டியிலிருந்து வரும் துணுக்குகளில் மீத்தைல் குறிகள் (டிஎன்ஏவில் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகள்) இருக்கும் இடங்கள் மாறியிருக்கும். நீளமும் சற்றுக் குட்டையாக இருக்கும். மீத்தைல் குறிகளோடு ஏஎஃப்பியையும் பாலினத்தையும் சேர்த்த ஒரு பரிசோதனை, 2022-இல் வெளியான ஆய்வில் ஆரம்பக் கட்டப் புற்றுநோயை 82 சதவீதம் பிடித்தது, விலக்கும் திறன் 87 சதவீதம். இன்னொரு நிறுவனத்தின் பரிசோதனை அதே ஆண்டில் 76, 91 என்று காட்டியது. துணுக்குகளின் நீளத்தைப் படிக்கும் முறைகளும் வருகின்றன.

குறைந்த அளவுதான் இங்கே பெரும் சவால். சிறிய கட்டி உள்ளவரின் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவில் கட்டியின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கலாம். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால் வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏ வெள்ளமாகக் கலந்து, தேடுவது மூழ்கிவிடும். செல்களை உடையவிடாத சிறப்புக் குழாயில்தான் எடுக்க வேண்டும். தவிர, அழற்சியுள்ள கல்லீரலே செல் செல்லாகச் செத்துக்கொண்டிருப்பதால், ‘இது கல்லீரல் டிஎன்ஏ’ என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது. கட்டியின் கல்லீரல் டிஎன்ஏ என்று சொல்ல முடிய வேண்டும்.

கிளிப்பிகன்-3, ஆஸ்டியோபான்டின், கோல்கி புரதம்-73, மைக்ரோஆர்என்ஏக்கள் என்று மற்ற மார்க்கர்களின் பட்டியல் நீளம். இவற்றில் பல சிரோசிஸிலேயே ஏறிவிடுவதால் அதே சிரோசிஸுக்குள் ஒளிந்திருக்கும் கட்டியைக் காட்டிக்கொடுப்பதில்லை. பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம் வேறு வகை: அது யாருக்கு அபாயம் அதிகம் என்று சொல்லும், இன்று கட்டி இருக்கிறதா என்று சொல்லாது.

நல்ல எண்கள் ஏன் பிறகு இறங்கிவிடுகின்றன

புதிய மார்க்கர் 90 சதவீதத்துக்கு மேல் என்று செய்தி வரும்; ஐந்தாண்டில் அது காணாமல் போகும். காரணம் பெரும்பாலும் ஆய்வின் அமைப்பு. ஏற்கெனவே புற்றுநோய் தெரிந்த 100 பேர், இல்லாத 100 பேர் என்று எடுத்தால், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு நோய். நிஜக் கண்காணிப்பில் 100-க்கு ஒருவர். ஆய்வுக்கு வந்த கட்டிகள் 5, 6 செ.மீ.; நிஜத்தில் தேடுவது 2 செ.மீ. எல்லை மதிப்பையும் அதே ஆட்களின் தரவில் தேடி எடுத்திருப்பார்கள். கண்காணிப்பில் இருப்பவர்களின் ரத்தத்தை முன்கூட்டியே சேமித்துவைத்து, பிறகு நோய் வந்தவர்களின் பழைய மாதிரியைச் சோதிப்பது அடுத்த படி. அதையும் தாண்டி, இந்தப் பரிசோதனையால் இறப்பு குறைகிறதா என்பது கடைசிப் படி. ஹெபடைட்டிஸ் பி-க்கு அப்படி ஓர் ஆய்வு உண்டு: ஷாங்காயில் 18,816 பேரிடம் நடந்து 2004-இல் வெளியானது, ஆறு மாத ஸ்கேனும் ஏஎஃப்பியும் இறப்பை 37 சதவீதம் குறைத்தன. கொழுப்புக் கல்லீரலில் அதற்கு நிகரான ஆய்வு இல்லை. கேலட்டையும் அல்ட்ராசவுண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடும் டிரேசர் என்ற பெரிய ஆய்வு அமெரிக்காவில் தொடங்கியிருக்கிறது. சுமார் 5,500 பேரைச் சேர்ப்பது திட்டம். ஆனால் அதில் சேர்ப்பது சிரோசிஸ் அல்லது ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களை. சிரோசிஸ் இல்லாத கொழுப்புக் கல்லீரலுக்கு அது பதில் தராது.

எண் ஏறியிருந்தால்

முற்றிய தழும்பு உள்ளவருக்கு ஏஎஃப்பி 20-ஐத் தாண்டினாலோ, தொடர்ந்து ஏறிக்கொண்டே போனாலோ, இன்னொரு அல்ட்ராசவுண்ட் எடுத்து நேரத்தைக் கடத்தக்கூடாது. நிறமருந்து செலுத்தி, தமனிக் கட்டம், சிரைக் கட்டம், தாமதக் கட்டம் என்று பல கட்டமாக எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐதான் வேண்டும். கட்டி தமனிக் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, பின்னர் சுற்றுப்புறத்தைவிட மங்கினால், சிரோசிஸ் உள்ளவரிடம் திசு எடுக்காமலேயே புற்றுநோய் என்று உறுதி செய்யலாம். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அது பொய் எச்சரிக்கை என்று கோப்பை மூடிவிடக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி ரத்தமும் படமும்.

சிரோசிஸ் இல்லாத கொழுப்புக் கல்லீரலில் இந்தக் குறுக்குவழி கிடையாது. படத்தை மட்டும் வைத்து உறுதிசெய்யும் விதிகள் சிரோசிஸ் அல்லது ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. மற்றவர்களிடம் அடினோமா போன்ற தீங்கற்ற கட்டிகளும் இதே மாதிரி ஒளிரக்கூடும். திட்டுத்திட்டாகக் கொழுப்பு படிந்த இடமும், படியாமல் விட்ட இடமும்கூடக் கட்டி போலத் தோன்றும். அவர்களுக்குப் பயாப்ஸி தேவைப்படும். ரத்தக் குறியீட்டின் வேலை அந்த மேசை வரை கொண்டுபோய் விடுவது மட்டுமே.

ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் ஏஎஃப்பி எண்ணோடு தேதி, அலகு, கருவியின் பெயர், அன்றைய ஏஎல்டி, பிளேட்லெட், வார்ஃபரின் அல்லது பயோட்டின் எடுத்தாரா என்பதையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிவைத்தால், அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு அந்த ஒரு தாள் விலையுயர்ந்த பல பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லும். ஏஎல்டி ஏறிய அதே நாளில் ஏஎஃப்பியும் ஏறி, இரண்டும் சேர்ந்தே இறங்கினால் அது பெரும்பாலும் அழற்சி. ஏஎல்டி இறங்கிய பிறகும் ஏஎஃப்பி தொடர்ந்து ஏறினால், அடுத்த ஆறு மாதம் வரை காத்திருக்கக் கூடாது.